இடப்பாகம்

காதுல மாட்டியிருக்கியே, அதைக் கொஞ்சம் கழட்டும்மா. பக்கத்துல ஒரு மனுஷி வந்து உக்காந்தா, ‘எங்க போறீங்க?’ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அது ஒரு மரியாதை. நீ கேக்க மாட்ட. இந்தக் காலத்துல யாரும் கேக்குததில்ல. நானே சொல்லிருதேன், அம்பாசமுத்திரம் போறேன். பாளையங்கோட்டையில இருந்து வாரேன். எம் பேரு பிரமு.

உன்னைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கவர்மெண்டு வேலை. இல்லையா? சரி, பிரைவேட்டு. ரெண்டும் ஒண்ணுதான். மாமியாரோட ஒத்துப் போகல. என்னது, கல்யாணமே ஆகலையா? அப்பம் ஆனதுக்கு அப்புறம் ஒத்துப் போகாது. மூஞ்சியிலயே எழுதியிருக்கு. எனக்கு இது ஒரு வரம்னு வச்சுக்கோ. ஆளை ஒரு தரம் பாத்தாப் போதும், உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு சொல்லிருவேன்.

தெனமும் காலையில எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு சிந்தனை போடுவேன். எவனோ எழுதினதை எடுத்து அனுப்புத வேலையெல்லாம் நமக்குக் கெடையாது. சொந்தமா யோசிச்சது. இன்னைக்கு என்ன போட்டேன் தெரியுமா? ‘வாயை மூடிக்கிட்டு இருக்கவன் எல்லாம் யோசிச்சுக்கிட்டு இருக்கான்னு நெனைக்காதே, பாதிப் பேரு தூங்குதான்.’ எப்பிடி? ஒருத்தரும் பதில் போட மாட்டாவ. அவ்வளவு தூரம் யோசிக்க வைக்குது. எம் மக வேணி, கோயம்புத்தூர்ல இருக்கா, அவ குரூப்புல இருந்தே வெளிய போயிட்டா. கேட்டா, விரல் பட்டுட்டாம். நான் திரும்பச் சேத்தேன். திரும்ப விரல் பட்டுட்டு. திரும்பச் சேத்தேன், திரும்பப் பட்டுட்டு. அந்த போனை மாத்துட்டின்னு சொல்லியிருக்கேன்.

எங்க வீட்டுக்காரவ பேரு கோலப்பன். ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனாவ. சாதுவான மனுஷன். வாயில வெரலை வச்சாலும் கடிக்கத் தெரியாது. அவ்வோளுக்கும் சேத்து நான்தான் பேசியாகணும். காய்கறிக் கடையில நான்தான் பேசுவேன். பேங்குல நான்தான் பேசுவேன். டாக்டர் அவ்வோளைப் பாத்து, ‘எங்க சார் வலிக்குது?’ம்பாரு. எங்க வலிக்குன்னு நான் சொல்லுவேன். ஒரு நாளு எதுத்துப் பேசினது கெடையாது. முப்பத்தஞ்சு வருசம் ஒரு சண்டை கெடையாது எங்களுக்குள்ள. தெருவுல எந்த வீட்டுல உண்டு அப்பிடி? கேட்டுப் பாரு.

இப்பிடி ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்த வீட்டுலதான் இந்த ஆடி மாசம் அவ்வோ அக்கா வந்து எறங்கினாவ.

உலகம்மாள்னு பேரு. நான் உலகு மைனின்னு கூப்பிடுவேன். அம்பையில, அதான் இப்பம் நான் போற அம்பாசமுத்திரத்துல, தனியா இருக்காவ, மைனி வீட்டுக்காரவ தவறிப் பல வருசமாச்சு, மகன் மஸ்கட்டுல. முட்டு ஆப்பரேசனுக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தவ, ஆஸ்பத்திரியில இருந்து நேரா எங்க வீட்டுக்கு. நடக்க ஆரம்பிக்குத வரைக்கும் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லாம யாரு சொல்லுவா? வென்னி வச்சுக் கொடுத்தது நானு. மாத்திரையை மணி பாத்து எடுத்துக் கொடுத்தது நானு. அதெல்லாம் கொறை சொல்ல முடியாது பாத்துக்கோ.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்த மனுஷிகிட்ட விஷயமே கெடையாது. எதைப் பத்தியும் ஒரு அபிப்பிராயம் இருக்காது. நாம நாட்டு நடப்பைச் சொல்லுவோம், ‘அப்பிடியா?’ம்பாவ. மனுஷ சுபாவத்தைப் பத்தி நல்ல கருத்தா ஒண்ணு எடுத்து விடுவோம், ‘அப்புறம்?’ம்பாவ. இந்த ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டே ஒருத்தர் காலத்தை ஓட்டிர முடியும்னா, அறிவுன்னு ஒண்ணை ஆண்டவன் எதுக்குப் படைச்சான்னு கேக்குதேன்.

ஆனா ஜனங்க இருக்குல்லா, ஜனங்க! நான் அந்தத் தெருவுல எத்தனை வருசமா இருக்கேன்? கல்யாணத்துக்கு ஜவுளி எங்க எடுக்கணும், பிளஸ் ஒன்ல பிள்ளையை எந்தக் குரூப்புல சேக்கணும், எல்லாத்துக்கும் கேக்காமலே போயி யோசனை சொல்லியிருக்கேன். ஒருத்தி எங்க வீட்டுப் படி ஏறினதில்ல. மைனி வந்து வாசல்ல ஒரு நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உக்காந்ததுதான் தாமசம், பூக்காரி நின்னு பேசுதா, எதுத்த வீட்டுக்காரி கிண்ணத்துல பாயாசம் கொண்டாரா, கேஸ் சிலிண்டர் போடுத பையன் தன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குத கதையைச் சொல்லுதான். எல்லாம் இளிச்சவாயி கெடைச்சா ஏறி உக்காருத கூட்டம். ‘ஆமா ஆமா’ன்னு தலையாட்டுதவளைத்தான் ஊருக்குப் பிடிக்கும். உள்ளதைச் சொன்னா யாருக்குப் பிடிக்கும்?

மாடியில ஜெசிந்தான்னு ஒரு பிள்ளை குடியிருந்தா. தனியா. காலையில ஆபீசு போவா, சாயங்காலம் வருவா, குனிஞ்ச தலை நிமிர மாட்டா. நாம சிரிச்சாலும் பட்டும் படாம ஒரு சிரிப்பு. அவ வந்த அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிட்டேன், இது புருசனோட சண்டை போட்டுட்டு வந்த கேசுன்னு. தெருவுலயும் நாலு பேர்கிட்ட சொல்லி வச்சேன். ஜாக்கிரதையா இருக்கணும்லா? மைனி ஒரு நாளு அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, ‘சாப்பிட்டியாம்மா?’ன்னு கேட்டிருக்காவ. அவ்வளவுதான் கேட்டது. அந்தப் பிள்ளை அப்பிடியே மடியில விழுந்து அழுதுட்டா. புருசன் பைக்குல போகும்போது லாரி அடிச்சுச் செத்து வருசம் ஒண்ணாகுதாம்.

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? புருசன் கூட இல்லேன்னு சொன்னேன். இல்லதானே? கணக்கு சரியாத்தானே இருக்கு.

அதை விடு. நான் சொல்ல வந்தது வேற.

ஆவணி மாசம் வேணி வந்தா, லீவு போட்டுட்டு. எங்களைப் பாக்கணும்னா லீவு கெடைக்காது அவளுக்கு. அத்தையைப் பாக்கக் கெடைச்சிட்டு. ஒரு ஞாயித்துக்கெழமை, சொதி வச்சிருந்தேன், இஞ்சிப் பச்சடி அரைச்சிருந்தேன். எல்லாரும் உக்காந்து சாப்பிடுதோம். நான் எப்பவும் போல எங்க வீட்டுக்காரவ பக்கத்துல உக்காந்து, ‘மோட்டாரைப் போட்டாச்சா?’ன்னு கேட்டேன். பதில் இல்ல. ‘தண்ணி ஏறிச்சான்னு பாத்தேளா?’ பதில் இல்ல. சொதியைப் பெசஞ்சுக்கிட்டே இருக்காவ. ‘சொவத்துக்கிட்ட பேசினா அதுவாவது எதிரொலிக்கும்’னு நான் சத்தம் போட்டேன்.

மைனி ரொம்ப சாதாரணமாச் சொல்லுதாவ, ‘பிரமு, இந்தப் பக்கமா வந்து கேளு. அந்தக் காதுதான் அவனுக்குக் கேக்காதே.’

‘எந்தக் காது?’ன்னேன்.

‘எடது காது. சின்னதுல பொன்னுக்குவீங்கி வந்து கன்னமெல்லாம் வீங்கிக் கெடந்தான்லா, அதோட போனது. ஒரு பொட்டுக் கேக்காது.’ சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாத்தாவ. ‘உனக்குத் தெரியாதா?’

வேணியைப் பாத்தேன். அவ எலையைப் பாத்துக்கிட்டு, ‘யம்மா, எனக்கே தெரியும்’ங்கா.

‘உனக்கு எப்பிடிட்டி தெரியும்?’

‘சைக்கிள்ல பின்னால உக்காந்து பேசிக்கிட்டுப் போவேன்லா? அந்தக் காது கேக்காது, இந்தப் பக்கமா சாஞ்சு சொல்லுன்னு அப்பா சொல்லுவாவ.’

அவ்வோளைப் பாத்துக் கேட்டேன். எழுந்து வலது பக்கமாப் போயி நின்னுதான் கேட்டேன். ‘இத்தனை வருசமா ஏன் எங்கிட்ட சொல்லல?’ மனுஷன் நிமிந்து பாத்தாவ. என்ன சொன்னாவ தெரியுமா? ‘கல்யாணத்தன்னைக்கு ராத்திரியே சொன்னேன் பிரமு. நீ பேசிக்கிட்டு இருந்த.’

எப்பேர்ப்பட்ட பொய் பாரு! அன்னைக்கு நான் என்ன பேசினேன்? புதுப் பொண்ணு, என்னத்தப் பேசப் போறேன்? எங்க வீட்டுப் பழக்கவழக்கம் என்ன, சாப்பாடு எப்பிடி, எனக்கு எது பிடிக்கும், எது ஆகாது, அவ்வோ வீட்டாளுக கல்யாணத்துல என்னென்ன கொறை வச்சாவ, இப்பிடி ஒரு நாலு விஷயம். விடியறதுக்குள்ள முடிச்சிட்டேன். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்ல எடமா இல்லாமப் போச்சு?

அன்னைக்கு மத்தியானம் எனக்குப் படுக்க முடியல. யோசிச்சுப் பாரு. கல்யாண மேடையில பொண்ணு மாப்பிள்ளைக்கு எடது பக்கம். கோயிலுக்குப் போனா எடது பக்கம். கட்டில்ல எடது பக்கம். பஸ்ஸுல எடது பக்கம். சாஸ்திரம் அது. சிவபெருமானே அம்பாளுக்கு எடது பாகத்தைத்தானே கொடுத்தாரு? நானும் முறையா எடது பக்கமே நின்னு, எடது பக்கமே உக்காந்து, எடது பக்கமே படுத்து, எவ்வளவு நல்ல விஷயம் சொல்லியிருக்கேன்! எவ்வளவு அனுபவம், எவ்வளவு புத்திமதி! அவ்வளவும் அந்தச் செத்த காதுக்குள்ள கொட்டியிருக்கேன். கெணத்துல கல்லைப் போட்டாக் கூட ‘தொபுக்’குன்னு ஒரு சத்தம் வரும்.

அப்பம் இவ்வளவு காலமும் என் பேச்சுக்குத் தலையாட்டினது? அதை நெனைச்சாத்தான் எனக்கு ஆத்திரம். எதுக்குத் தலையாட்டினாவ? என்னன்னு தெரியாமலே ‘சரி சரி’ன்னாவளா? இதைத்தான் நான் சொல்லுதது, மனுஷன்ல நம்பக்கூடாதது ஊமைக் கள்ளனைத்தான்.

சரி, போனது போகட்டும்னு நான் பெருந்தன்மையா விட்டுட்டேன். அன்னையில இருந்து வலது பக்கம் மாறிட்டேன். விட்டுப் போனதெல்லாம் சொல்லணும்லா? மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். கல்யாணத்துல கொறை வச்ச கதையில இருந்து. ஒரு வாரம் கேட்டாவ. அதுக்கப்புறம் என்ன பண்ணினாவ தெரியுமா? வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க ஆரம்பிச்சிட்டாவ. நல்ல காதைத் தலையணையில பொதைச்சு வச்சுக்கிட்டு, கேக்காத காதை மேல காட்டிக்கிட்டு! கேட்டா, அப்பிடிப் படுத்தாத்தான் சாப்பிட்டது செமிக்குதாம். எடது பக்கம் படுத்தாத்தான் செமிக்கும், டாக்டரே சொல்லியிருக்காருன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எங்க கேக்குது?

இந்த மனுஷன்தான் மைனிகிட்ட வாய் ஓயாமப் பேசுதாவ. சாயங்காலம் பொறவாசல்ல ரெண்டு பேரும் உக்காந்திருப்பாவ. அப்பிடி என்ன பேசுதாவன்னு ஒரு நாளு சன்னல் பக்கம் நின்னு கேட்டேன். காக்கா! மதில்ல வந்து உக்காருத ஒரு காக்காய்க்கு ஒரு ரெக்கை கொஞ்சம் தொங்கலா இருக்காம். அது பறக்கும்போது எப்பிடிச் சாயுதுன்னு இவ்வோ கையை வச்சுக் காட்டுதாவ, மைனி ‘அப்பிடியா?’ங்காவ. பொழுது சாயுத வரைக்கும் இதே பேச்சு. ஒரு கருத்து உண்டா, ஒரு சாரம் உண்டா? நாம நாலு நல்லது சேத்துப் பேசுவோம்னு நான் போயி உக்காந்தேன். ரெண்டு பேரும் உடனே பேச்சை நிறுத்திட்டாவ. அந்த மரியாதை மட்டும் தெரியும்.

ஐப்பசி பொறந்து மைனிக்கு முட்டு சரியாயிட்டு. ஊருக்குக் கெளம்பினாவ. ‘அக்காவைக் கொண்டு விட்டுட்டு ரெண்டு நாளு இருந்துட்டு வாரேன்’னாவ இவ்வோ. போயிட்டு வாங்கன்னேன். நான்தான் பை எடுத்துக் கொடுத்தேன். மழைக்காலம், நெஞ்சுச் சளி பிடிக்குத உடம்பு, அதனால ஸ்வெட்டரை மடிச்சு மேல வச்சேன். தைலம் வச்சேன். அடியில பாத்தா, பழைய பிரஷ்ஷு, கலர் டப்பா, வரையுத பலகை எல்லாம் ஏற்கெனவே எடுத்து வச்சிருக்காவ. பரண்ல தூங்கிக்கிட்டு இருந்த சாமான். அம்பையில யாராவது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போறாவ போலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

ரெண்டு நாளு போச்சு. கேட்டா, மழையாம். சரின்னேன். அடுத்த வாரம் கேட்டா, ஆத்துல வெள்ளமாம். வெள்ளத்துக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம், பஸ்ஸு ஆத்துலயா ஓடுது? அப்புறம் மைனிக்கு முட்டுல லேசா வலியாம். அப்புறம் போனை எடுக்குததே மைனிதான். ‘குளிக்கப் போயிருக்கான் பிரமு’, ‘தூங்குதான் பிரமு’, ‘மலையை வரையணும்னு அகஸ்தியர் கோயில் பக்கம் போயிருக்கான் பிரமு.’ கார்த்திகை வந்துட்டு. நடுவுல தீவாளிக்கு வந்தாவ, மறுநாளு மத்தியானமே கெளம்பிட்டாவ. வேணிகிட்ட சொன்னா, அவ சொல்லுதா, ‘யம்மா, அப்பாவைக் கொஞ்ச நாளு அங்கேயே விடுங்களேன்.’ பெத்த தாயிகிட்ட சொல்லுத பேச்சா இது? அத்தை நல்லா மந்திரிச்சு விட்டிருக்கா.

மாடியில இருந்த ஜெசிந்தாவும் காலி பண்ணிட்டுப் போயிட்டா. மைனி இல்லாத வீட்டுல இருக்கப் பிடிக்கலையாம். போகும்போது எங்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு ஒரு வார்த்தை பேசல. நன்றிங்கிறது மனுஷ ஜாதிக்கே கெடையாது.

இப்பம் வீட்டுல நான் பேசுதது எனக்கே கேக்குது. வேற ஒண்ணும் இல்ல, மாடியில சாமான் இல்லேல்லா, அதனால சத்தம் சுத்தி வருது.

நேத்து காலையில என்ன நடந்துச்சு தெரியுமா? போனைப் போட்டேன். மைனி எடுத்தாவ. நலம் விசாரிச்சுக்கிட்டு இருக்கும்போதே பின்னால ஒரு ஆம்பளைச் சிரிப்பு. சாதாரணச் சிரிப்பு இல்லம்மா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு விட முடியாம, நடுவுல இருமி, திரும்பச் சிரிக்குதது. எனக்கு வந்தது பாரு கோவம். ‘மைனி, யாரு அது? விருந்தாளு யாரும் வந்திருக்காவளா? வயசான பொம்பளை இருக்க வீட்டுல இப்பிடியா வெவஸ்தை இல்லாம சிரிப்பாவ?’ன்னேன்.

‘பிரமு’ன்னாவ மைனி. ‘அது கோலப்பன்தான்.’

நான் போனை வச்சிட்டேன். என் போன்ல சத்தம் சரியாக் கேக்காது. வேணி வாங்கிக் கொடுத்தது, மட்டமான சாமான். அதுல யாரு குரலும் அப்பிடித்தான் கேக்கும், யாருதோ மாதிரி. எம் புருசன் சிரிப்பு எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாமலா இருக்கும், சொல்லு.

அவ்வோ எப்பிடிச் சிரிப்பாவன்னு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். உதட்டை இப்பிடி லேசா ஒரு பக்கம் இழுப்பாவ. அது சிரிப்புதானே? நான் சிரிப்புன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதான், இன்னைக்குக் கெளம்பிட்டேன். வாரேன்னு சொல்லல. சொல்லிட்டுப் போனா ஜனங்க தயாராயிருவாவ. சொல்லாமப் போயி நிக்கணும், அப்பந்தான் உண்மையான சுபாவம் தெரியும். போனதும் என்ன கேக்கணும்னு வரிசையா யோசிச்சு வச்சிருக்கேன். இவ்வளவு காலம் சோறு வடிச்சுப் போட்டவ அங்க தனியாக் கெடக்கா, இங்க என்ன கூத்துன்னு கேப்பேன். மைனியையும் விட மாட்டேன். அடுத்தவ வீட்டு ஆம்பளையைப் பிடிச்சு வச்சுக்கிடுததுக்குப் பேரு பாசமான்னு கேப்பேன். நாலு வீட்டுக்காரங்க வெளிய வந்து பாக்கட்டும். எனக்கென்ன?

கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டா? இது ஆத்துப் பாலம்லா. தண்ணி நிறையத்தான் போகுது. பொய் சொல்லலை போல.

மணி என்னாகுது? பன்னெண்டரையா. இப்பம் சாப்பிட உக்காந்திருப்பாவ. மைனி பரிமாறுவாவ. இவ்வோ ஏதாவது சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருப்பாவ. நான் வாசல்ல போயி நிப்பேன். என்னைப் பாத்ததும் அவ்வோ...

என்ன பண்ணுவாவ?

சாப்பிடுத நேரத்துல போயி நிக்குதது நல்ல பழக்கம் இல்ல. எங்க வீட்டுல எங்களை அப்பிடி வளக்கல. நிம்மதியாச் சாப்பிடட்டும். சண்டைன்னாலும் ஒரு மொறை இருக்குல்லா? இந்த பஸ்ஸு கடைசியா எங்க போகுது, பாபநாசமா? நல்லதாப் போச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு சாமியைப் பாக்காமப் போகக் கூடாது. சாமியைக் கும்பிட்டுட்டு, படித்துறையில கொஞ்சம் உக்காந்துட்டு, சாவகாசமாத் திரும்பி வருவேன். அவசரம் என்ன இருக்கு? அவ்வோ எங்கயும் ஓடிப் போயிர மாட்டாவ.

ஏம்மா அப்பிடிப் பாக்க? நீ நெனைக்குத மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கென்ன பயமா? நான் யாருக்குப் பயந்திருக்கேன்?

தம்பி, கண்டக்டர் தம்பி, எனக்கு இந்த டிக்கெட்டைப் பாபநாசத்துக்கு மாத்திப் போடுப்பா. அம்பைதான், தெரியும்ப்பா, எனக்குக் கண்ணு தெரியுது. நான் எறங்கலைங்கேன்லா? எறங்குத ஆளெல்லாம் எறங்கியாச்சு. சும்மா எதுக்கு நிறுத்தி வச்சிருக்க? விசிலை ஊது, போகட்டும்.